தறி தந்தையுடையது; நாளை யாருடையது?

ஐந்து மணி நேரம் பள்ளியில் இருந்த பிள்ளை, இனி மூன்று மணி நேரம் இருந்தால் போதும். எஞ்சிய பொழுதில், அப்பன் செய்யும் தொழிலை அப்பனிடமே கற்கட்டும். பெண்ணாகப் பிறந்துவிட்டிருந்தால், அடுப்படியில் அன்னையிடம் பாடம் கேட்கட்டும்!

1953ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சென்னை இராச்சியத்தின் கிராமப் பள்ளிகளுக்கு அன்றைய ஆட்சியாளர் வகுத்தளித்த வழி இது. திருத்தியமைத்த தொடக்கக் கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டினர், கோட்டையில் கொலுவிருந்தோர். குலக்கல்வித் திட்டம் என்று பெயரை மாற்றினர், நாட்டு மக்கள். சூட்டிய பெயர் கோப்புகளோடு போயிற்று. மாற்றிய பெயரே வரலாற்றில் நிலைத்தது!

எழுபது ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. திட்டம் தந்த ஆச்சாரியாரும் இல்லை, திட்டமும் இல்லை. பிறகு ஏன் இந்தப் பழைய ஏட்டைப் புரட்ட வேண்டும் என்று இளைஞர் கேட்கக்கூடும். கேட்கட்டும், கேட்பதுதான் பகுத்தறிவு! விடை இது: திட்டம் செத்தது, திட்டத்தைப் பெற்றெடுத்த எண்ணம் சாகவில்லை. பெற்றவன் செய்யும் தொழிலைப் பார்த்துப் பிள்ளையின் நாளையை முடிவு செய்ய, பெற்றவனுக்கேனும் அரசுக்கேனும் உரிமை உண்டா? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை நம் நெஞ்சிலே இல்லாவிட்டால், செத்த திட்டம் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வாயிற்படியில் வந்து நிற்கும்போது, வருக வருக என்று வரவேற்பு மாலை சூட்டிவிடுவோம்.

*

முதலில், திட்டம் வந்த வழியைப் பார்ப்போம்.

1952 பொதுத் தேர்தலில், 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசு பெற்றவை 152. பெரும்பான்மை இல்லை. தேர்தல் களத்தையே காணாத இராஜகோபாலாச்சாரியாரை ஆளுநர் மேலவைக்கு நியமனம் செய்தார். நியமனம் பெற்றவர் முதலமைச்சரானார். மக்களிடம் வாக்குக் கேட்டு வராதவர், மக்களின் பிள்ளைகளுக்கு வாழ்க்கை வகுக்க முற்பட்டார்! அதற்கு முன்பு ஊரைக் கேட்டாரா? இல்லை. சட்டமன்றத்தில் விவாதம் நடத்தினாரா? அதுவும் இல்லை. ஆணை முதலில் வந்தது. விவாதம் பிறகு வந்தது!

எனினும், எதிராளியின் வாதத்தை வலிவு குன்றாமல் எடுத்துரைத்து, அதன் பிறகு மறுப்பதுதான் நேர்மை. அவர்கள் சொன்னவை என்ன?

பணம் இல்லை என்றனர். உண்மை. பள்ளிகள் போதவில்லை, ஆசிரியர்கள் போதவில்லை. நாட்டில் நூறு பேரில் இருபது பேருக்குக்கூட எழுத்தறிவு இல்லாத காலம் அது. அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவோ, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயதுவரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று கூறிற்று. ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர். காலையில் ஓர் அணி, பிற்பகலில் மற்றோர் அணி. இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாமே என்றனர். உழைப்பை இழிவென்று கருதும் ஏட்டுக் கல்வி வேண்டாம், கைத்தொழிலின் பெருமையைப் பிள்ளை உணரட்டும் என்றனர். வழிவழி வந்த கலைகள் அழிந்துபோகாமல் காக்கப்படும் என்றனர்.

கேட்பதற்கு இனிய சொற்கள்! ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம்.

*

பணம் இல்லை. சரி. வீட்டிலே அரிசி குறைந்தால் யாருடைய கலத்தில் சோறு குறைகிறது என்பதைப் பார்த்தே, அந்த வீட்டாரின் நெஞ்சை அளந்துவிடலாம். அன்று அரசின் அரிசி குறைந்தது. யாருடைய கலத்தில் குறைத்தனர்?

காஞ்சிபுரம் அன்று நகராட்சி. அதை அடுத்திருப்பது முசரவாக்கம் என்னும் சிற்றூர். நகரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சிறுவன், முசரவாக்கத்தில் ஒரு சிறுவன் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வயது, ஒரே மொழி, ஒரே வெயில்! கிராமங்களில் முதலில், நகரங்களில் பிறகு என்பது திட்டம். ஆகவே நகர எல்லைக்கு உள்ளே பிறந்தவனுக்கு ஐந்து மணி நேரம். எல்லைக்கு வெளியே பிறந்தவனுக்கு மூன்று மணி நேரம். எல்லைக் கல்லை நட்டவன் வரி வாங்குவதற்காக நட்டான். ஆச்சாரியார் ஆட்சி, அதே கல்லால் மூளையையும் அளந்தது! நீதிபதியின் பிள்ளையும் நிருவாகியின் பிள்ளையும் நகரத்தில் இருந்தனர். உழவன் பிள்ளையும், பனையேறியின் பிள்ளையும், சேரியில் பிறந்த பிள்ளையும் கிராமத்தில் இருந்தனர். சிக்கனம் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டுமாம்!

சிக்கனம் பிடிப்பது குற்றமன்று. பங்கிட்டுப் பிடிப்பது சிக்கனம். பலமற்றவனிடம் மட்டும் பிடிப்பதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது.

அடுத்தது, உழைப்பின் பெருமை. உழைப்பை இழிவாகக் கருதுதல் நோய் என்பதிலே நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால், மருந்தை நோயாளிக்கல்லவா கொடுக்க வேண்டும்? மண்வெட்டி பிடித்தறியாத கைகளுக்கு மண்வெட்டியையும், ஏடு பிடித்தறியாத கைகளுக்கு ஏட்டையும் கொடுத்திருந்தால், அதுவே உழைப்பின் பெருமையை உணர்த்தும் கல்வி. நடந்தது என்ன? மண்வெட்டி பிடித்த கைக்கே மீண்டும் மண்வெட்டி! ஏடு பிடித்த கைக்கே மீண்டும் ஏடு!

காந்தியார் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியை இதற்குத் துணைக்கழைத்தவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. வார்தாத் திட்டத்தில் கைத்தொழில், பள்ளிக்குள்ளே, ஆசிரியரிடம், எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைக்கப்பட்டது. அதன் குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் நூற்கும் இராட்டை, இவன் அப்பன் யார் என்று கேட்கவில்லை. ஆச்சாரியார் திட்டம், பள்ளியின் வாயிற்கதவைச் சாத்திவிட்டு, உன் அப்பன் யார் என்று கேட்டது. அவன் செய்வதைச் செய் என்றது.

சாதி என்ற சொல் அந்த ஆணையில் எங்கே இருக்கிறது என்று அறிவாளர் சிலர் கேட்டனர். இன்றும் கேட்கின்றனர். சாதி என்ற சொல் எதற்கு? தந்தையின் தொழில் என்ற சொல் போதாதா? இந்த நாட்டில், தந்தையின் தொழில் என்பது சாதியின் மறுபெயர். சிரைப்பவர் மகன் என்ன கற்பான்? சலவை செய்பவர் மகன் என்ன கற்பான்? மலம் சுமந்தவர் மகன் பிற்பகலில் எந்தப் பாடத்தைப் பயில்வான்? அவரவர்க்கு விதித்த தொழிலை அவரவர் செய்வதே அறம் என்று, வருணாசிரமம் ஆயிரமாண்டுகளாக ஓதிய பாடத்தையே, பள்ளியின் மணி அடித்துச் சொல்லித்தர முற்பட்டது ஓர் அரசாங்கம்!

கிரேக்கத்துப் பிளேட்டோவும் மக்களைப் பொன் என்றும் வெள்ளி என்றும் இரும்பு என்றும் பிரித்தவர்தான். பிரிவினை பேசிய அவர்கூட, இரும்பான தந்தைக்குப் பொன்னான பிள்ளை பிறத்தல் கூடும், பிறந்தால் அவனை உயர்த்த வேண்டும் என்று ஒரு சாளரத்தைத் திறந்து வைத்தார். நம் சனாதனம் அந்தச் சாளரத்தையும் சாத்திற்று!

*

இனி, கலை காத்தல். இதை நெருங்கிப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்தைச் சான்றாக வைத்தே பார்ப்போம்.

காஞ்சிப் பட்டின் புகழுக்குக் காரணம், அதன் கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, இழையோடு இழை பின்னி இணைக்க வேண்டும். மூன்று நாடாக்கள் ஓடும் அந்தக் குழித்தறியில், ஒருவன் கைகள் போதா. பக்கத்தில் அமர்ந்து மறுகரையின் நாடாவைத் தள்ளித் தர இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை, பல்லாண்டுக் காலம், பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கை. மணமேடையிலே மின்னும் கரையில், பெயரில்லாத பல சிறுவரின் மாலைப்பொழுதுகள் நெய்யப்பட்டிருக்கின்றன.

இளமையிலேயே பழகினால் விரல் வசப்படும் என்பர். வசப்படும்தான். ஆனால் விரலைப் பழக்குவதற்கு எழுத்தைப் பறிக்க வேண்டும் என்று எந்தத் தறி சொல்லிற்று?

நெசவாளிக்கு எழுத்து எதற்கு என்று கேட்பார்க்கு ஒரு விடை உண்டு. பெரும்பாலான பட்டு நெசவாளிகள் தம் சொந்தப் பட்டை நெய்து தாமே விற்றவர்களல்லர். பாவும் பட்டும் சரிகையும் கொடுத்து, கூலிக்கு நெய்து வாங்குபவர் முதலாளி. தறியில் உட்காருமுன் முன்பணம். பிள்ளைப்பேற்றுக்கு ஒரு கடன், திருவிழாவுக்கு ஒரு கடன். சேலை கொடுக்கும்போது கழிவு. எல்லாம் ஒரு கணக்கு நோட்டில் ஏறுகிறது. அந்த நோட்டு யார் கையில்? அதைப் படிக்கத் தெரிந்தவன் கையில்! தான் நெய்த சேலையின் விலையைத் தன் கண்ணால் படிக்க முடியாதவன், எத்தனை அடிகள் நீளும் பட்டை நெய்தாலும், தன் காலில் பூட்டிய தளையைத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்தை வெட்டினோம் என்றனர். வெட்டியது, அந்தக் கணக்கு நோட்டைப் பிரித்துக் கேள்வி கேட்கும் வலிமையை!

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த 1952, 1953ஆம் ஆண்டுகளில் கைத்தறியாளரின் நிலை என்ன? துணி தேங்கிற்று, தறி நின்றது, நெய்தவன் கஞ்சித் தொட்டியின் முன் வரிசையில் நின்றான். அண்ணாவும் தோழர்களும் தோளிலே கைத்தறித் துணி சுமந்து தெருத்தெருவாக விற்ற காலம் அது. தந்தைக்கே சோறு போடாத தறியில் மகனையும் கொண்டுவந்து கட்டு என்றது ஆட்சி! மூழ்கும் ஓடத்திலிருந்து கரையேறக் கை நீட்டும் பிள்ளையிடம், ஓடம் உன் பாட்டன் செய்தது, விட்டுவிடாதே என்று அறிவுரை கூறுவது கலைப்பற்றா?

பிள்ளையின் உழைப்பு இல்லாமல் ஏழைத் தந்தையின் உலை எப்படிக் கொதிக்கும் என்று இரக்கத்தோடு கேட்பவரும் உண்டு. அந்த இரக்கம் பொய்யன்று. ஆனால் அது கேள்வியைத் தவறான வாசலில் கேட்கிறது. தந்தையின் கூலி அவன் குடும்பத்துக்குப் போதவில்லை என்றால், கூலி கொடுப்பவனிடம் கேட்க வேண்டும். ஆள்வோரிடம் கேட்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்பது கோழைத்தனம்.

*

இப்போது அடிப்படைக்கு வருவோம்.

குலக்கல்வியை மறுத்துப் பேசும்போது நம்மில் பலர் எளிதாக எடுத்து வீசும் கணை ஒன்று உண்டு. காஞ்சியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா, பச்சையப்பன் கல்லூரிக்குப் போகாமல் தறியிலேயே இருந்திருந்தால் தமிழ்நாடு என்ன ஆகியிருக்கும் என்று கேட்போம். கைதட்டலும் பெறுவோம். கேள்வி நல்லதுதான். ஆனால், முழு விடையாகாது. அண்ணாவாக ஆகக்கூடியவனுக்காக மட்டுந்தானா பள்ளி? ஊரில் ஒருவன்தான் மேதை என்றால், மற்ற தொண்ணூற்றொன்பது பேரைத் தறியில் கட்டிவிடலாமா? மேதையைக் காட்டி உரிமை கேட்டால், மேதையல்லாதவனின் உரிமையைத் தோற்றுவிடுவோம்.

உரிமை, திறமைக்குத் தரும் பரிசன்று. முசரவாக்கத்துச் சிறுவன் பெரும் புலவனாகாமல் போகலாம். படித்து முடித்து, எண்ணிப் பார்த்து, எனக்குத் தறிதான் பிடிக்கிறது என்று திரும்பியும் வரலாம். வரட்டும்! வாழ்த்துவோம்! அப்போது அவன் நெய்வது தொழில். வேறு வழி தெரியாமல் உட்கார வைக்கப்பட்டு நெய்தால், அதே தறி, அதே பட்டு, அதே சரிகை. ஆனால் நெய்வது தண்டனை. பிற வாயில்களைக் கண்டபின் நுழையும் வாயிலே, ஒருவன் தேர்ந்தெடுத்த வாயில். மற்றவற்றையெல்லாம் சுவராக்கிவிட்டு, இதோ உன் விருப்பப்படி நுழைந்தாய் என்பது ஏமாற்று.

தந்தை தன்னிடம் உள்ளதை மகனுக்குக் கொடுக்கலாம். தறியைக் கொடுக்கலாம், கைத்திறனைக் கொடுக்கலாம். மகனுடைய நாளை, தந்தையிடம் உள்ள பொருளன்று. இல்லாததை எழுதி வைக்கும் உயில் செல்லாது. தந்தைக்கே இல்லாத அந்த உரிமை, தந்தையின் பெயரைச் சொல்லி வரும் அரசுக்கு எங்கிருந்து வரும்?

1953 ஜூலை 29இல், திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் சட்டமன்றத்தில் 138க்கு 138 என்று சரிபாதியாகப் பிளந்து தோற்றது. நிறுத்தி வைத்து வல்லுநர் குழு ஆராயட்டும் என்ற தீர்மானம், 139க்கு 137 என்று வென்றது. பரூலேகர் தலைமையில் குழு அமைந்தது. திட்டம் நன்றே என்று அறிக்கை தந்தது! வல்லுநரை நாம் பழிக்க வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் எத்தனை பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம், எவ்வளவு மிச்சமாகும் என்பவை அவர்கள் அளக்கக்கூடியவை. பிறப்பைக் கொண்டு பிள்ளையின் பாதையை வகுக்கலாமா என்பது எந்தத் தராசிலும் நிற்காது. அது அறத்தின் கேள்வி. அதற்கு வாக்குரிமை பெற்ற மக்களே நடுவர்.

உலகமும் இந்தக் கேள்வியைச் சந்தித்தது. இங்கிலாந்தின் நூற்பாலைகளில், பிள்ளைகள் அரைநாள் ஆலையிலும் அரைநாள் பள்ளியிலுமாக வாடினர். 1844ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை நாட்டிற்று. ஏழைப் பெற்றோருக்கு வருவாய், பிள்ளைக்குத் தொழிற்பழக்கம் என்று அங்கும் சொன்னார்கள். 1918இல் கல்விச் சட்டம் இயற்றி அதற்கு முடிவு கட்டினார்கள். அவர்கள் குழி தோண்டிப் புதைத்ததைத்தான் நாம் 1953இல் தோண்டி எடுத்தோம். அதே 1953இல் தென்னாப்பிரிக்க வெள்ளையராட்சி, கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனித் தரத்தில் ஒரு கல்விச் சட்டம் செய்தது. அங்கே தோலைப் பார்த்தார்கள், இங்கே தந்தையின் தொழிலைப் பார்த்தார்கள். பிறப்பைப் பார்த்துப் படிப்பை அளந்ததில் இருவரும் ஒரு குலம்!

*

நாடு சும்மா இருக்கவில்லை. 1953 ஜூலையில் முதலமைச்சரின் இல்லத்தின் முன் மறியல் நடந்தது. சம்பத் தலைமையில் தோழர்கள் சிறை புகுந்தனர். பெரியாரின் படை, 1954இல் நாகப்பட்டினத்திலிருந்து சென்னை நோக்கிக் கால்நடையாகவே வந்தது. காங்கிரசுக்குள்ளேயே கலகம் மூண்டது. 1954 மார்ச்சில் ஆச்சாரியார் பதவி விலகல் அறிவித்தார். ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். மே 18இல் திட்டம் கைவிடப்பட்டது. அதே கருவூலம்தான்! பணம் இல்லை என்று பள்ளி நேரத்தை வெட்டிய அதே நாட்டில், அந்தப் பத்தாண்டு முடியுமுன் பள்ளியிலே பகலுணவும் போடப்பட்டது. பணம் பஞ்சமாகத்தான் இருந்தது, மனம் மாறியிருந்தது!

கதை முடிந்ததா? இல்லை.

1986இல் குழந்தை உழைப்புத் தடுப்புச் சட்டம் வந்தது. குடும்பத் தொழிற்கூடத்துக்கு விலக்குத் தந்தது. காஞ்சிபுரத்தில் கடனுக்காகப் பட்டுத் தறியில் கட்டுண்ட பிள்ளைகளைப் பற்றி, மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் உலகறிய எழுதிற்று. கல்வி உரிமைச் சட்டம் 2010 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 2016இல் திருத்திய உழைப்புச் சட்டத்தில், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு சந்து திறக்கப்பட்டது. ஆச்சாரியாரின் பிற்பகல், அந்தச் சந்தின் வழியே எட்டிப் பார்க்கிறது! 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விசுவகர்மா திட்டம், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது. ஆகவே அதனைக் குலக்கல்வியோடு அப்படியே ஒன்றாக்குவது நேர்மையாகாது. ஆனால் கடன் கேட்டு வரும் கைவினைஞனிடம், குடும்பத்தார் வழிவழியாகச் செய்த தொழிலா என்று கேட்கும் அந்தக் கேள்வி இருக்கிறதே, அது நாம் அறிந்த பழைய குரல். அந்த நிபந்தனையை நீக்குக என்று தமிழ்நாடு அரசு 2024இல் கேட்டதற்குக் காரணம், 1953ஐ இந்த மண் மறவாததுதான்.

பட்டு நெசவு குறைந்து வருகிறது, நெசவாளி பிள்ளைகள் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஆலை வேலைக்குப் போய்விட்டனர், படிப்பு வந்து கலையைக் கெடுத்தது என்று பெருமூச்சு விடுவோர் இன்று பெருகியுள்ளனர். அவர்களிடம் ஒன்று கேட்கலாம்: உங்கள் பிள்ளை எந்தத் தறியில் இருக்கிறான்? காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. துணிக்குக் கிடைத்த காப்பு, நெய்தவன் கூலிக்குக் கிடைத்ததா? படித்த பிள்ளையும் விரும்பி வரும்படி கூலி கொடுங்கள், கலை வாழும். தப்பியோட வழியில்லாதவர்களைக் கொண்டே வாழ வேண்டிய கலை என்றால், அதன் பெயர் கலையன்று, சிறை.

இளைஞர்களே! ஆச்சாரியாரைக் கண்டிப்பது எளிது; அவர் விடை சொல்ல வரப்போவதில்லை. நம் ஊரில் சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளியின் மகன், எந்த ஆணையும் இல்லாமலே அதே வேலைக்கு வந்து நிற்கிறானே, அவனைக் கண்டிக்கவா முடியும்? கையால் மலம் அள்ளுதலை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம் வந்தும், அந்தத் தொழில் இன்னும் பிறப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், கோட்டையில் கிழிக்கப்பட்ட திட்டம் தெருவில் கிழிக்கப்படவில்லை என்று பொருள். திராவிடப் பெயர் தாங்கிய ஆட்சியே ஆனாலும், இதற்கு விடை கூறியே தீர வேண்டும். கேள்வி கேட்கும் உரிமையை நம் கட்சிக்காரர் ஆண்டால் அடகு வைப்பது, பகுத்தறிவன்று, பக்தி!

எனவே, பள்ளிக்கு வராத பிள்ளை உங்கள் தெருவில் எவர் வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். அதன் தந்தைக்கு வர வேண்டிய கூலி எங்கே நின்றுபோயிற்று என்று கேளுங்கள். அந்தக் கணக்கு நோட்டை வாங்கி, அந்தப் பிள்ளையின் கையிலே கொடுங்கள். படித்துக் காட்டட்டும்!